ஆர்டர் நோட்டின் கடைசிக் கட்டம்: ‘யார் சொல்லி வந்தார்?’

பெட்டிக்காரர், கப்பலூர் (ஞாயிறு, காலை 10.15)

எல்லோருக்கும் வணக்கம். மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூர் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்கிறேன். 2014-இல் ஒரு பழைய இயந்திரமும் மூன்று ஆட்களுமாகத் தொடங்கினேன். இப்போது பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகள் இந்த இணையக் குழுவில் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள்: “ஊரில் யாரையும் தெரியாது, தொடர்புகளை எப்படி உண்டாக்குவது?” வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. என்னிடம் அதற்குக் கணக்கு இருக்கிறது.

முதல் ஆர்டரிலிருந்தே ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, பெயர், பெட்டியின் அளவு, எத்தனை அடுக்கு, காகிதத்தின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம்), எண்ணிக்கை, விலை. கடைசிக் கட்டத்தில் ‘யார் சொல்லி வந்தார்’ என்று எழுதுவேன். அது மளிகைக்கடையில் கணக்கு எழுதிய என் அப்பா சொல்லிக்கொடுத்த பழக்கம். சென்ற வாரம் மழை ஈரத்தில் பசை காயவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பிற்பகல் முழுக்க அந்த நோட்டுகளைப் புரட்டினேன்.

திரும்பத் திரும்ப வாங்கும் வாடிக்கையாளர்கள் 58 பேர். அவர்களில் 19 பேர் ஒரே லாரி புக்கிங் ஆபீஸ் வழியாக வந்தவர்கள். பழைய வாடிக்கையாளர் சொல்லி வந்தவர்கள் 14. இதே தொழிற்பேட்டையில் பெட்டி செய்யும் இன்னொருவர் அனுப்பியவர்கள் 8. தொழில் அமைப்புக் கூட்டங்களில் அறிமுகமானவர்கள் 6. இணையத்தில் தேடி வந்தவர்கள் 4. மீதி 7 பேருக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.

முதல் மூன்று ஆண்டுகள் நான் போகாத கூட்டம் இல்லை. நகரில் எந்த மண்டபத்தில் தொழில் முனைவோர் சந்திப்பு என்றாலும் சட்டைப்பை நிறைய முகவரி அட்டைகளோடு போய் நிற்பேன். அத்தனைக்கும் சேர்த்து ஆறு பேர் என்றால் மனம் கனக்காமல் என்ன செய்யும்?

அந்த லாரி ஆபீஸ் கதையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 2016 ஐப்பசி மழையின்போது, முறுக்கு, சீடை அனுப்பும் ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் கொதித்தார். திருநெல்வேலி போய்ச் சேர்வதற்குள் பெட்டிகள் அமுங்கிவிட்டன, சரக்கு நொறுங்கிவிட்டது. என் பெட்டியில் குறை இல்லை என்றுதான் நானும் முதலில் வாதாடினேன். பிறகு உறுத்தியது. இரவு ஒன்பது மணிக்கு பைக்கை எடுத்துக்கொண்டு அந்த புக்கிங் ஆபீசுக்குப் போனேன். புக்கிங் எழுதுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர், பேனாவைக் காதில் செருகிக்கொண்டு என்னைக் கொட்டகைக்குள் அழைத்துப் போனார். அடுக்கியிருந்த சரக்கில் என் பெட்டி ஒன்றை இழுத்து விரலால் தடவிக் காட்டினார். “அட்டைக்குள் இருக்கும் காகித நெளிவு நின்றவாக்கில் ஓடினால் பாரம் தாங்கும். படுத்துக்கொண்டால் தாங்காது. நீங்கள் அதைச் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் பெட்டிக்கு நீளம் அதிகம், உயரம் குறைவு. எங்கள் ஆட்கள் இடம் மிச்சம் பிடிக்க அதைச் சாய்த்துத்தான் சொருகுவார்கள். சாய்த்தால் நெளிவும் படுத்துக்கொள்ளும். யாரும் வந்து பார்ப்பதில்லை என்பதால் யாருக்கும் தெரிவதில்லை” என்றார்.

மறுநாளே வாடிக்கையாளரிடம் பேசி அளவை மாற்றினேன். சாய்க்காமல் நிறுத்தியபடியே அடுக்கும்படி உயரத்தைக் கூட்டி, அடிப்பக்கக் காகிதத்தையும் கனமாக்கினேன். அடுத்த வாரம் அவர்கள் லாரியில் ஏற்றும்போது மறுபடியும் போய் நின்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. கிழிந்த பெட்டியோடு யார் வந்து நின்றாலும் அந்த மனிதர் அன்றிலிருந்து சொல்வாராம்: “கப்பலூரில் ஒருவர் இருக்கிறார், பெட்டி அமுங்கினால் இரவிலும் வந்து பார்ப்பார்.” பத்தொன்பது பேர்!

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். கூட்டத்தில் அறிமுகமான ஆறு பேரில் ஒருவர், மசாலாப் பொட்டலம் போடும் ஒரு பெரிய நிறுவனத்துக்கு என்னை அழைத்துப் போனார். 90 நாள் கடன் என்று பேச்சு. மூன்று முறை சரக்கு போனது. 3,82,000 ரூபாய் பாக்கி பதினான்கு மாதமாக நிற்கிறது. அழைத்துப் போனவர் இப்போது என் அழைப்பையே எடுப்பதில்லை.

உங்கள் நோட்டு என்ன சொல்கிறது? தொழில் எதுவானாலும் எழுதுங்கள்.

புதூர் லேத் (ஞாயிறு, பகல் 12.40)

அண்ணே, பக்கத்துப் பெட்டிக்காரர் அனுப்பிய எட்டுப் பேரை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

கே.புதூரில் எனக்கு இரண்டு லேத் (கடைசல் இயந்திரம்), ஒரு மில்லிங் இயந்திரம். ஜாப் வொர்க்தான், அதாவது கூலிக்குச் செய்துகொடுப்பதுதான் பிழைப்பு. பக்கத்து ஷெட்டில் என்னைவிடப் பெரிய இயந்திரங்கள் வைத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார். ஐந்து ஆண்டுகள் நாங்கள் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. ஒரு தீபாவளி நெருக்கத்தில் அவருடைய ஆபரேட்டர் விபத்தில் அடிபட்டுவிட்டார். நூற்பாலைக்குப் போக வேண்டிய நாற்பது புஷ் (தண்டு சுழலும் உருளை வளையம்) பாதியில் நின்றன. அவரே என் வாசலுக்கு வந்தார். இரண்டு இரவு உட்கார்ந்து கடைந்து கொடுத்தேன். கூலியைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு நடந்ததுதான் விஷயம். மில்லின் கொள்முதல் அதிகாரிக்கு, கடைந்தது நான்தான் என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. “நேராக எங்களுக்கே செய்யுங்கள், அவர் விலையில் பத்து சதவீதம் குறைத்தால் போதும்” என்று பேசினார். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. இருந்தும் மறுத்துவிட்டேன். பக்கத்து ஷெட்டில் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் எதுவும் பேசவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் இயந்திரத்தில் அடங்காத சின்ன வேலை எல்லாம் என்னிடம் வருகிறது. என் மாத வருமானத்தில் பாதி இப்போது அந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

ஒரே தொழிலில் இருப்பவனுக்குத்தான் நம் வேலையின் தரம் தெரியும். அளவு அரை நூல் கூடினால் அவன் கண்ணுக்குத் தெரியும்.

திருநகர் இணையம் (ஞாயிறு, பிற்பகல் 3.05)

பெட்டிக்கார அண்ணனோடு நான் மாறுபடுகிறேன். வருத்தப்படாதீர்கள்.

நான் கடைகளுக்கு இணையதளமும் பில்லிங் மென்பொருளும் செய்துகொடுக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக ஒரு பரிந்துரைக் குழுவில் உறுப்பினர். வாரம் ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் கூடுவோம். ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் சேரலாம். ஆகவே குழுவுக்குள் போட்டி கிடையாது. பிஎன்ஐ என்ற பெயரில் 1985-இல் அமெரிக்காவில் ஐவன் மைஸ்னர் தொடங்கிய முறை இது. அதே பாணியில் இன்று பல குழுக்கள் நடக்கின்றன. முதல் எட்டு மாதம் எனக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. சந்தா வீண் என்று வீட்டில் சண்டை. ஒன்பதாவது மாதம், குழுவில் இருக்கும் மாடுலர் கிச்சன் செய்பவர் தன் பில்லிங்கை என்னிடம் ஒப்படைத்தார். அவர் சொல்லி நான்கு பேர். என் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி இன்று அந்த அறையிலிருந்து வந்தவர்கள்.

அண்ணன் மூன்று ஆண்டுகளில் எத்தனையோ கூட்டங்களுக்குப் போயிருக்கிறார். ஒரே கூட்டத்துக்கு எத்தனை முறை போனார்? ஊரெல்லாம் ஒவ்வொரு குழி தோண்டினால் எந்தக் கிணற்றில் தண்ணீர் வரும்?

ஒரு குறையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாரம் ஒரு பரிந்துரையாவது கொடுக்க வேண்டும் என்ற நெருக்கடியில், தேவையே இல்லாதவரின் எண்ணைக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அப்படி வந்த எண்களில் அழைத்து, “யார் நீங்கள்?” என்ற கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

பற்று வரவு (ஞாயிறு, மாலை 6.20)

வரி ஆலோசகராக இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்கிறேன். அந்த 3,82,000 ரூபாயைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் வாரத்துக்கு ஒருவராவது இதே கண்ணீரோடு என் மேசைக்கு வருகிறார்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டத்தில் பிரிவு 15 என்று ஒன்று இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பணம் தர வேண்டும், ஆனால் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். ‘90 நாள் கடன்’ என்று இருவரும் மனமொப்பிப் பேசியிருந்தாலும் சட்டத்தின் முன் அது நிற்காது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாகக் கணக்கிடப்படும். அது பிரிவு 16. சரக்கு கைக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே பொருள். பதினான்கு மாதம் கழித்துப் ‘பெட்டி சரியில்லை’ என்று சொல்ல முடியாது.

வாங்குகிறவருக்கு இன்னொரு கடிவாளம் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவாக அது வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தைக் கெடுவுக்குள் தராமல் ஆண்டுக் கணக்கை முடித்தால், அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது, வரி கட்ட வேண்டிவரும். பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவுகள் மார்ச் மாதத்தில் திடீரென்று அன்பாகப் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவுக்கும் அடிப்படை, இத்தகைய நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு. 2020 ஜூலை 1 முதல் இருக்கிறது, கட்டணம் கிடையாது. பதிவு செய்து தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பதிவெண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். வாங்கி விற்கும் வணிகர்களும் உத்யமில் பதியலாம், ஆனால் இந்த 45 நாள் பாதுகாப்பு அவர்களுக்குப் பொருந்தாது. உற்பத்தியும் சேவையும் செய்பவர்களுக்கே.

பெட்டிக்காரர் அவர்களே, சரக்கு போன நாளில் உங்களிடம் பதிவு இருந்ததா? கொள்முதல் ஆணை எழுத்தில் இருக்கிறதா?

பெட்டிக்காரர், கப்பலூர் (ஞாயிறு, இரவு 8.50)

ஐயா, பதிவு இருந்தது. பில்லில் எண் அச்சிடவில்லை. கொள்முதல் ஆணை முதல் முறைக்கு மட்டும் மின்னஞ்சலில் வந்தது. அடுத்த இரண்டும் கைப்பேசியில் வாய்ச்சொல்தான். சரக்கை ஒப்படைத்த டெலிவரி சலானில் அவர்கள் முத்திரையும் கையெழுத்தும் இருக்கின்றன.

பற்று வரவு (ஞாயிறு, இரவு 9.10)

முத்திரையிட்ட சலான் பெரிய பலம். அசல் தாளைப் பத்திரமாக வையுங்கள். பில், சலான், இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான ஜிஎஸ்டி சீட்டு), வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் அடுக்குங்கள். முதலில் வட்டிக் கணக்கோடு ஒரு கடிதம் விரைவுத் தபாலில் போகட்டும். பதில் வராவிட்டால் இணையத்தில் மனு. இத்தகைய பாக்கி வழக்குகளை விசாரிக்கும் வசதியாக்கல் மன்றம் மதுரையிலேயே செயல்படுகிறது, சென்னைக்கு அலைய வேண்டாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து அவர்கள் நீதிமன்றம் போனால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். அதனாலேயே பலர் இடையிலேயே பேசி முடிக்க வருகிறார்கள்.

புதூர் லேத் (ஞாயிறு, இரவு 10.30)

ஐயா சொல்வது சட்டப்படி சரி. சந்தை என்ன சொல்லும்? ஒருவர் மேல் புகார் கொடுத்தவன் என்று பெயர் வந்துவிட்டால், மற்ற கொள்முதல் அதிகாரிகளும் ஒதுங்குவார்கள். நான் 60,000 ரூபாயை இந்தப் பயத்திலேயே விட்டுவிட்டேன். இன்றும் அது நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

பற்று வரவு (திங்கள், காலை 7.15)

அந்தப் பயம் நியாயமானது, அதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். ஆனால் தம்பி, பணம் தராதவரோடு உள்ள உறவு பதினான்கு மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. இல்லாத உறவைக் காப்பாற்றத்தான் நாம் இவ்வளவு யோசிக்கிறோம். என்னிடம் வந்தவர்களில் மனு போட்டதால் மற்ற வாடிக்கையாளரை இழந்தவர் என்று ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

முடிச்சு (திங்கள், காலை 11.00)

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று கேட்கலாமா? இரவு ஒன்பது மணிக்கு லாரி ஆபீஸ் கொட்டகை, பக்கத்து ஷெட்டில் டீ, காலை ஏழு மணிக்குக் கூட்டம். இந்த மூன்று இடங்களில் எதில் என்னால் போய் நிற்க முடியும்? ஏழு மணிக்கு என் வீட்டில் இரண்டு டிபன் டப்பா கட்டி முடித்திருக்க வேண்டும்.

நான் சுங்குடிச் சேலை செய்கிறேன். முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் பழைய முறை. 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் சந்தையில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி அச்சுத் துணிதான். என்னிடம் ஒன்பது பெண்கள் முடிச்சுப் போடுகிறார்கள், அவரவர் வீட்டில், அவரவர் நேரத்தில். துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்குவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. சாயத்தில் முக்கிக் காயவைத்து, இரண்டு முனையையும் இருவர் பிடித்துச் சடாரென்று இழுத்தால் முடிச்செல்லாம் பொலபொலவென்று உதிரும். உள்ளே வெள்ளைப் புள்ளி. அச்சுப் புள்ளி எல்லாம் ஒரே அளவு. கைப்புள்ளி ஒவ்வொன்றும் கொஞ்சம் சதுரம், கொஞ்சம் வட்டம், நடுவில் ஊசிமுனை அளவு சாயம்.

எனக்கு வாடிக்கையாளர்கள் கண்காட்சிகளில் கிடைத்தார்கள். மதுரை தமுக்கம் மைதானத்தில் முதன்முதல் கடை போட்டபோது நான்கு நாளில் ஆறு சேலைதான் விற்றது. ஐந்தாம் நாள் ஒரு வேலை செய்தேன். என்னிடம் முடிச்சுப் போடும் அக்கா ஒருவரைக் கடைக்குள் உட்கார வைத்து, அங்கேயே முடிச்சுப் போடச் சொன்னேன். கூட்டம் நின்று பார்த்தது. பெங்களூரில் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா அரை மணி நேரம் அந்த அக்காவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் முப்பது சேலைக்கு முன்பணம் கொடுத்தார். எட்டு ஆண்டுகளாக வாங்குகிறார். அவர் வழியாக வந்த கடைகள் ஐந்து.

வாட்ஸாப் குழுவால் எனக்கு லாபமும் உண்டு, காயமும் உண்டு. புது வடிவம் ஒன்றைப் பெருமையோடு ஒரு குழுவில் போட்டேன். மூன்று வாரத்தில் அதே வடிவம் அச்சுத் துணியில் கால் விலைக்கு வந்துவிட்டது. யார் செய்தது என்று எனக்குத் தெரியும். இன்றும் அதே குழுவில் காலை வணக்கம் போடுகிறார். முடிக்காத வேலையை நான் இப்போது யாருக்கும் காட்டுவதில்லை.

பெட்டிக்காரரிடம் ஒரு கேள்வி. ஆட்களை எண்ணினீர்கள், பணத்தை எண்ணினீர்களா?

பாக்குமட்டை, மேலூர் (திங்கள், பகல் 1.30)

சகோதரி கேட்டது நல்ல கேள்வி. அண்ணன் பதில் எழுதும் வரை என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாஸ்டிக் கப், கேரி பேக் மொத்த வியாபாரம் செய்தேன். 2019 ஜனவரி 1-இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழக அரசின் தடை வந்தது. கிடங்கில் இருந்த சரக்கு ஒரே நாளில் குப்பையாகிவிட்டது. அப்போது என்னைத் தேடி வந்தவர் ஒரு சமையல் ஒப்பந்தக்காரர். “பாக்குமட்டைத் தட்டுக்கு மாறுங்கள், என் கல்யாண ஆர்டர் அத்தனையும் உங்களுக்கு” என்று வாக்குக் கொடுத்தார். அவரிடம் நான் ஆறு ஆண்டுகள் கப் விற்றிருக்கிறேன். ஒருமுறை எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று நானே அழைத்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அது அவருக்கு நினைவிருந்தது, எனக்கு மறந்துபோயிருந்தது.

கீழமாசி வீதி (திங்கள், மாலை 5.45)

அப்பளம். மூன்றாம் தலைமுறை. எனக்கு வயது அறுபத்தெட்டு, பேரன் தட்டச்சு செய்து கொடுக்கிறான்.

நீங்கள் புதிதாகக் கேட்பதெல்லாம் இந்த வீதியில் பழையது. என் தாத்தா காலத்தில் மகமை என்று ஒன்று இருந்தது. விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று வியாபாரிகள் பொதுநிதிக்கு எடுத்து வைப்பார்கள். கடன் வேண்டுமானாலும், வழக்கைத் தீர்க்க வேண்டுமானாலும் சாதிக்காரர்களின் சங்கமான உறவின்முறைதான். விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையை நடத்தியது அப்படிச் சேர்ந்த பொதுப்பணம்தான். வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. யாரைத் தெரியும் என்ற கேள்விக்கு இடமே இல்லாமல் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருந்தது.

அதன் மறுபக்கத்தையும் இந்த வயதில் நான் சொல்லாமல் போகக் கூடாது. அந்தத் திண்ணையில் பிறப்பால் இடம் இருந்தவனுக்குத்தான் இடம். வெளியூரிலிருந்து வந்தவன், வேறு சாதிக்காரன், பெண்பிள்ளை, யாராக இருந்தாலும் தெருவில்தான் நிற்க வேண்டும். 1924-இல் மதுரை, இராமநாதபுரம் வியாபாரிகள் சேர்ந்து தொழில் வர்த்தக சங்கத்தைத் தொடங்கினார்கள். அதுபோலப் பொதுவான அமைப்புகள் வந்ததால்தான் சந்தா கட்டும் எவனும் உள்ளே போய் உட்கார முடிகிறது. கூட்டங்களால் பயன் இல்லை என்று தம்பி எழுதியதைப் படித்தபோது எனக்கு அதுதான் மனதில் ஓடியது. தாத்தாவின் திண்ணை உள்ளவனுக்குக் கூட்டம் தேவையில்லை. இல்லாதவனுக்கு அது ஒன்றுதான் வாசல்.

முடிச்சு என்ற பெயரில் எழுதும் மகளே, அமைப்புகளில் மகளிர் பிரிவு வந்துவிட்டது, பகல் நேரத்திலும் கூடுகிறார்கள். போய்ப் பார்.

பெட்டிக்காரர், கப்பலூர் (செவ்வாய், இரவு 9.20)

சகோதரி கேட்டபடி நேற்று இரவு பணத்தை எண்ணினேன். என் மனைவிதான் கால்குலேட்டரைத் தட்டினார். நான் ஞாயிற்றுக்கிழமை எழுதியதில் ஒரு பாதி தவறு.

லாரி ஆபீஸ் வழி வந்த பத்தொன்பது பேரும் சின்னச் சின்ன ஆர்டர்காரர்கள். பலகாரம், ஊறுகாய், வத்தல். அவர்களால்தான் மாதாமாதம் சம்பளம் போடுகிறேன். ஆனால் சென்ற ஆண்டு விற்றுமுதலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, கூட்டத்தில் அறிமுகமான ஆறு பேரில் இரண்டே பேரிடமிருந்து வந்திருக்கிறது. அண்ணாச்சி சொன்ன வாசல் எனக்கும் திறந்திருக்கிறது, நான்தான் நன்றியில்லாமல் எழுதிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

அந்த இரண்டு பேர் எப்படி வந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அமைப்பின் கண்காட்சி ஒன்றுக்கு மூன்று மாதம் ஏற்பாட்டுக் குழுவில் இருந்தேன். கடைகளுக்குக் கோடு போடுவது, மின்சாரம் இழுப்பது, கடைசி நாள் தட்டிகளைப் பிரித்து எண்ணி ஒப்படைப்பது. இந்த இருவரும் அதே குழு. என்னிடம் பெட்டி இருக்கிறது என்று நான் அங்கே பேசியதே இல்லை. ஜெனரேட்டர் வராத ஓர் இரவில் மூவரும் தரையில் படுத்துக் கிடந்தோம். கண்காட்சி முடிந்த இரண்டாம் மாதம் ஒருவர் அழைத்தார், அடுத்த ஆண்டு மற்றவர். மசாலா நிறுவனத்துக்கு அழைத்துப் போனவரை நான் பார்த்தது இரண்டே முறை, இரண்டும் மதிய உணவு வரிசையில்.

திருநகர் தம்பி, கிணறு விஷயத்தில் நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். லாரி ஆபீசில் அவர் என் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். புதூர்த் தம்பி கடைந்ததைப் பக்கத்து ஷெட்டுக்காரர் பார்த்தார். அந்த அக்காவின் விரல்களைப் பெங்களூர் அம்மா பார்த்தார். என் கையில் முகவரி அட்டை மட்டும் இருந்த இடங்களில் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. கையில் வேலை இருந்த இடங்களில் நடந்திருக்கிறது.

பற்று வரவு ஐயா, கடிதம் இன்று விரைவுத் தபாலில் போய்விட்டது. பில்லில் உத்யம் எண் அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன்.

திருநகர் இணையம் (புதன், காலை 8.10)

அண்ணே, ஒரு சந்தேகம். அந்த புக்கிங் எழுதுகிறவருக்குக் கமிஷன் ஏதாவது தருகிறீர்களா? எங்கள் குழுவில் இதைப் பற்றி ஓயாத விவாதம்.

பெட்டிக்காரர், கப்பலூர் (புதன், காலை 9.30)

ஒருமுறை கொடுக்கப் போனேன். “காசு வாங்கினால் நாளைக்கு உங்கள் பெட்டி சரியில்லை என்றால் என்னால் சொல்ல முடியாது” என்று கையை மடக்கிவிட்டார். தீபாவளிக்கு இனிப்பு வாங்கிக்கொள்வார். அவர் மகள் திருமணத்துக்குத் தாம்பூலப் பெட்டி எல்லாம் நான்தான் செய்தேன். அதற்குப் பணம் எண்ணிக் கொடுத்தார், நானும் வாங்கிக்கொண்டேன்.

புதூர் லேத் (வெள்ளி, இரவு 10.05)

பற்று வரவு ஐயா, அந்த 60,000 ரூபாய் பில் மூன்று ஆண்டு பழையது. சலானைத் தேடி எடுத்துவிட்டேன், எண்ணெய்க் கறையோடு இருக்கிறது, முத்திரை தெளிவாகத் தெரிகிறது. உங்கள் அலுவலகத்துக்கு எப்போது வரலாம்?

பற்று வரவு (சனி, காலை 7.00)

தனிச் செய்தியில் முகவரி அனுப்புகிறேன். திங்கள் பத்து மணிக்கு வாருங்கள். உத்யம் பதிவு பில் தேதிக்கு முன்பா பின்பா என்று மட்டும் பார்த்து வாருங்கள். பின்பு என்றால் சிக்கல், வேறு வழி யோசிக்க வேண்டும்.

முடிச்சு (சனி, பகல் 12.15)

பெட்டிக்காரர் அண்ணனுக்கு: சேலைக்கு ஒரு பெட்டி வேண்டும். 14 அங்குல நீளம், 10 அகலம், 2 உயரம். வெளியே பழுப்பு நிறமே போதும், அச்சு வேண்டாம். 200 எண்ணிக்கை. சேலையில் மடிப்புத் தடம் விழாமல் இருக்க வேண்டும். விலை சொல்ல முடியுமா?

பெட்டிக்காரர், கப்பலூர் (சனி, பகல் 1.00)

என் இயந்திரத்தில் 200 ஓட்டினால் டை (அட்டையை வெட்டும் அச்சு) செய்யும் செலவு முழுக்க உங்கள் தலையில் விழும். அது நியாயமில்லை. எனக்கு எட்டுப் பேரை அனுப்பினார் என்று சொன்னேனே, அவர் சின்ன எண்ணிக்கையில் கையாலேயே வெட்டி ஒட்டுவார், விலையும் குறையும். அவருடைய எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். திங்கள் காலை ஒரு சேலையை மடித்தபடியே கொண்டுவாருங்கள், அவர் கடையில் நானும் இருப்பேன். உயரம் 2 போதுமா, இரண்டரை வேண்டுமா என்று துணியை உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.